மழை விட்ட பிறகும் ஏறும் கோடு

(பெருங்களத்தூரில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெருங்களத்தூர் ரயில் நிலையத்தைக் கடந்து ஒரு நாளில் போகிற வண்டிகள் அத்தனையையும் ஒரே தாளில் காட்டிவிடலாம். ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் அப்படி ஒரு தாள் உண்டு. கன்ட்ரோல் சார்ட் என்பார்கள். இடமிருந்து வலமாக மணியும் நிமிடமும். மேலிருந்து கீழாக நிலையங்கள்: கடற்கரையில் தொடங்கி தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று இறங்கி, அடியில் செங்கல்பட்டு. ஒரு காலத்தில் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் பென்சிலும் ஸ்கேலும் வைத்து இழுத்த கோடுகளை இப்போது கணினித் திரை இழுக்கிறது. ஒரு வண்டிக்கு ஒரு கோடு, அவ்வளவுதான்.

அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டியையே பார்க்கத் தேவையில்லை. தாம்பரம் தாண்டி ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும் மின்சார ரயிலின் கோடு, நிலையத்துக்கு நிலையம் ஒரு சின்னப் படுக்கைக் கோட்டோடு படிப்படியாக இறங்கும். வண்டி நிற்கும்போது நேரம் ஓடுகிறது, இடம் மாறவில்லை. அதனால் கோடு படுத்துக்கொள்கிறது. நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸின் கோட்டில் படிகளே இருக்காது, சாய்வும் கூடுதலாக இருக்கும். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியின் கோடு கீழிருந்து மேலே ஏறும். ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே கடந்து போகின்றன. இரட்டைப் பாதையில் அது எங்கே நடந்தாலும் கவலையில்லை. ஒற்றைப் பாதையில் அந்த வெட்டு கட்டாயம் ஒரு நிலையத்தில்தான் விழ வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே விழுந்தால் மோதல் என்று பொருள். பிரான்ஸில் எத்தியென் ழூல் மாரே 1885-ல் வெளியிட்ட நூலில் பாரிஸ்-லியோன் ரயில்களின் இத்தகைய படம் இருக்கிறது. வடிவம் இன்றுவரை மாறவில்லை.

காலத்தோடு மாறும் எதை வரைந்தாலும் அந்தப் படம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. இப்போது எவ்வளவு? இப்போது எந்த வேகத்தில் மாறுகிறது? முதல் பதில் கோட்டின் உயரத்தில் இருக்கிறது. இரண்டாவது அதன் சாய்வில். பள்ளிக்கூடத்தில் கிராஃப் தாளில் புள்ளி வைத்து உயரம் படிக்க எல்லோரும் பழகிவிடுகிறோம். சாய்வைப் படிக்காமல் விட்டுவிடுகிறோம். தாம்பரம் வட்டாரத்தில் அதற்கு விலை உண்டு. அடையாற்றுக் கரையோரம் குடியிருப்பவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

மழையிலிருந்து தொடங்கலாம். தானே எழுதும் மழைமானி என்று ஒரு கருவி வானிலை நிலையங்களில் உண்டு. புனல் வழியே மழைநீர் உள்ளே இறங்க, மிதவை மேலே எழும். மிதவையோடு இணைந்த பேனா, கடிகார விசையில் நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் உருளையின் மேல் ஒட்டிய தாளில் கோடு இழுத்துக்கொண்டே போகும். 10 மில்லிமீட்டர் சேர்ந்ததும் சைஃபன் குழாய் வழியே கருவி தன்னைக் காலிசெய்துகொள்ளும். பேனா செங்குத்தாக அடிக்கோட்டுக்கு வந்து, மறுபடி ஏறத் தொடங்கும்.

இந்தத் தாளை முதல்முறை பார்ப்பவர் பெரும்பாலும் தலைகீழாகத்தான் படிப்பார். கோடு இறங்கும் இடத்தில் மழை குறைந்தது என்று நினைப்பார். கருவி காலியானதற்கு மேல் அங்கே எதுவும் நடக்கவில்லை. கோடு படுத்திருந்தால் 'சீராகப் பெய்கிறது' என்பார். உண்மையில் அப்போது ஒரு துளிகூட விழவில்லை. தூறல் என்றால் கோடு மெல்லச் சாயும். அடைமழை என்றால் ரம்பப் பற்கள் நெருக்கியடித்து நிற்கும். இந்தப் படத்தில் மழையின் வேகம் உயரத்தில் இல்லை, முழுக்க முழுக்கச் சாய்வில் இருக்கிறது.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. இப்படி ஒரு கருவி அந்த மழையை எழுதியிருந்தால் பேனா 49 முறை அடிக்கு விழுந்து எழுந்திருக்கும். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் விழுந்த நீரை மட்டும் கணக்கிட்டால் சுமார் 1,09,000 லிட்டர்: 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்பது லாரி. தாம்பரத்தில் எத்தனை ஆயிரம் கிரவுண்ட் இருக்கிறது என்பதை அவரவர் கணக்குக்கு விட்டுவிடலாம்.

அந்த 49 சென்டிமீட்டரைப் பட்டியலில் தேடுபவர்கள் ஒரு சிறு குழப்பத்தைச் சந்திப்பார்கள். மக்கள் நினைவில் அது டிசம்பர் 1. வானிலைத் துறையின் பதிவில் டிசம்பர் 2. இரண்டும் சரிதான். வானிலைத் துறைக்கு மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது, அளவெடுத்த காலை எந்தத் தேதியோ அந்தத் தேதியில் மழை வரவாகும். 'காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்' என்று செய்தியில் தவறாமல் வரும் வரி இதைத்தான் சொல்கிறது. ஆற்று மட்டத்தின் படத்தையும் மழைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியை மட்டும் பார்த்து ஒப்பிட்டால், வெள்ளம் முதலில் வந்து மழை பிறகு பெய்த விந்தை காணக் கிடைக்கும்! கிடைமட்ட அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கோட்டுக்குப் போகக்கூடாது.

'நாளுக்கு 49' என்ற ஒற்றை எண்ணும் முழுக்கதை சொல்லாது. மணிக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் சீராகப் பெய்தாலும் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட அதேதான். நாலு மணி நேரத்தில் பெரும்பகுதி கொட்டித் தீர்த்தாலும் அதேதான். முதல் மழையை வடிகால் ஒருவேளை தாங்கும், இரண்டாவதைத் தாங்காது. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தும் நடுவில் போன வழி வேறு. கூட்டுத்தொகையில் தொலைந்துபோகும் அந்த வழியைத்தான் வரைபடம் காப்பாற்றி வைக்கிறது.

இனி, இந்தப் பகுதி மக்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு வரலாம்: 'மழை விட்டுப் போச்சு, தண்ணி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு.'

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். மாலை 6 மணிக்கு வரத்துக் கால்வாயில் விநாடிக்கு 500 கன அடி வருகிறது. கலங்கல் வழியே 200 போகிறது. 8 மணிக்கு வரத்து 900, போக்கு 500. மழை விட்டுவிட்டது. 10 மணிக்கு வரத்து 800, போக்கு 650. நள்ளிரவில் இரண்டும் 700. அதிகாலை 2 மணிக்கு வரத்து 500, போக்கு 680.

வரத்துக்கு ஒரு கோடு, போக்குக்கு ஒரு கோடு என்று வரையுங்கள். வரத்தின் உச்சி 8 மணியில் இருக்கிறது. ஏரி மட்டம் எப்போது உச்சிக்குப் போகும்? பெரும்பாலோர் 8 மணி என்பார்கள். விடை நள்ளிரவு. 8 மணிக்குப் பிறகு வரத்து குறைகிறது, உண்மை. ஆனாலும் வருவது போவதைவிட அதிகமாகவே இருக்கிறது. 8-க்கும் 10-க்கும் நடுவே மட்டும் சராசரியாக விநாடிக்கு 275 கன அடி மிச்சம் தங்குகிறது. இரண்டு மணி நேரத்தில் அது கிட்டத்தட்ட 20 லட்சம் கன அடி. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் நள்ளிரவில்தான் ஏற்றம் நிற்கிறது. மட்டம் உச்சியில் இருப்பதால் கலங்கலில் வழிவதும் அப்போதுதான் அதிகம். கீழே இருக்கும் ஊருக்கு வெள்ளம் நான்கு மணி நேரம் பிந்திப் போகிறது. சங்கிலிபோல் ஏரிக்குக் கீழ் ஏரி இருந்தால் ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் பிந்த வைக்கும், உச்சியையும் கொஞ்சம் தட்டையாக்கும். ஏற்கெனவே நிரம்பித் தளும்பும் ஏரியால் அந்த உதவியைப் பெரிதாகச் செய்ய முடியாது. 2015 நவம்பர் முழுவதும் மழை கொட்டி, அந்த ஒரு மாதத்தில் மட்டும் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் பதிவான பிறகு வந்தது டிசம்பர் மழை. ஏரிகளில் இடம் இருக்கவில்லை.

வரத்தின் உச்சியையே மட்டத்தின் உச்சியாக எண்ணும் இந்தச் சறுக்கல் படிக்காதவர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேலாண்மை படிக்கும் மாணவர்களிடம் ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் குளியல் தொட்டி ஒன்றின் வரத்து, போக்குக் கோடுகளைக் கொடுத்து, தொட்டியில் இருக்கும் நீரின் அளவை வரையச் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், கணிதப் பயிற்சி நிறைந்த அந்த மாணவர்களிலும் பலர் வரத்துக் கோட்டின் வடிவத்தையே இருப்புக் கோடாகப் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள்.

கண் செய்யும் கோளாறு ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. பொருளாதாரப் புள்ளிவிவரங்களைக் கோடுகளாக வரைந்து 1786-ல் நூலாக வெளியிட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். இங்கிலாந்துக்கும் கிழக்கிந்திய நாடுகளுக்கும் இடையே நடந்த ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் ஆளுக்கொரு கோடு போட்டிருந்தார். அந்தப் படத்தில் இரு கோடுகளும் செங்குத்தாக ஏறும் இடங்களில் அவை நெருங்கி வந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும். ஸ்கேலை நேர் செங்குத்தாக வைத்து அளந்தால் இடைவெளி குறைந்திருக்காது. கண் சாய்வாக, மிகக் குறுகிய வழியில் அளக்கிறது. கணக்குக்கு வேண்டியது மேல்-கீழ் இடைவெளி. ஏரியின் வரத்து-போக்குப் படத்திலும் ஸ்கேல் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

கொரோனா இரண்டாம் அலையிலும் இதே வரத்து-போக்குக் கணக்குதான். தமிழ்நாட்டில் ஒரு நாளின் புதிய தொற்று உச்சத்தைத் தொட்டது 2021 மே 21 அன்று: 36,184 பேர். மறுநாளிலிருந்து அந்தக் கோடு இறங்கியது. படுக்கை தேடி அலைந்தவர்களின் தவிப்பு அன்றோடு தீரவில்லை. குணமாகி வீடு திரும்புவோர் எண்ணிக்கை புதிதாக வருவோரைத் தாண்டிய பிறகே, சிகிச்சையில் இருப்போர் கோடு திரும்பியது.

செம்பரம்பாக்கத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் வெள்ளத்தைப் பேச முடியாது. ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று வெளியேற்றம் படிப்படியாக உயர்த்தப்பட்டு விநாடிக்கு 29,000 கன அடியானது. 'விநாடிக்கு' என்ற சொல் இருப்பதால் இது ஒரு வேகம், அளவு அல்ல. வேகத்தைக் காலத்தால் பெருக்கினால்தான் அளவு கிடைக்கும்: மணிக்கு சுமார் 104 மில்லியன் கன அடி. வரத்தே இல்லாமல் அதே வேகத்தில் திறந்துவைத்தால் நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏறத்தாழ 35 மணி நேரத்தில் வறண்டுவிடும். வெளியேற்றப் படத்தில் கோட்டுக்கும் அடி அச்சுக்கும் நடுவே அடைபடும் பரப்புதான் வெளியேறிய மொத்த நீர். ஒரு படத்தின் பரப்பு இன்னொரு படத்தின் உயரமாகிறது. அந்த உயரத்தின் சாய்வு மறுபடி முதல் படமாகிறது.

உள்ளூர் விவரம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். செம்பரம்பாக்கத்தின் மிகைநீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் கலக்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த இடத்துக்கு மேலே, ஆறு வரும் வழியில் இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் புகுந்தது முதன்மையாக ஆதனூர், மணிமங்கலம் வட்டாரத்து ஏரிகளிலிருந்து ஆறு சேர்த்துக்கொண்டு வந்த வெள்ளம். கலக்கும் இடத்துக்குக் கீழே, அனகாபுத்தூர், மணப்பாக்கம், சைதாப்பேட்டை வழியில், இரண்டு வெள்ளக் கோடுகளைக் கூட்டி வரைய வேண்டும். இரண்டின் உச்சியும் ஒரே நேரத்தில் வந்தால் கூட்டுக் கோடு ஒற்றை மலையாக எழும். ஒன்று சில மணி நேரம் பிந்தினால் இரண்டு சிறிய மேடுகளாக நிற்கும். மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்ற விவாதம் முழுக்க இந்த நேர இடைவெளியைச் சுற்றித்தான் நடக்கிறது.

இனி எதிர்த்திசை. 2018-ன் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதும், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் இருப்புக் கோடு நிற்காமல் இறங்கியது. 2019 ஜூன் மத்தியில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கிட்டத்தட்ட வறண்டுவிட்டன. வழக்கமாக நாளுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகம் 52.5 கோடியாகக் குறைந்தது. வறட்சிப் படத்துக்கு ஒரு வசதி உண்டு: வெள்ளக் கோடுபோல் அது திடீரென்று பாயாது. கடைசி இரண்டு மாதப் புள்ளிகளின் மேல் ஸ்கேலை வைத்து நீட்டினால், கோடு எந்த மாதத்தில் பூஜ்யத்தைத் தொடும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். விநியோகத்தைக் குறைத்தால் சாய்வு தணியும். வெயில் ஏறி நீர் ஆவியானால் செங்குத்தாகும். அதனால் மாதம் ஒருமுறை ஸ்கேலை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அன்றைய நகர விநியோகத்தில் அது 210-ல் ஒரு பங்கு. நகரம் முழுமைக்குமான படத்தில் கோடு அசையக்கூட அசையாது. ஆளுக்கு 50 லிட்டர் என்று பிரித்தால் அதே ரயில் 50,000 பேருக்கு ஒரு நாள் போதும். ஒரு வார்டுக்கு வரைந்தால் கோடு கூரையைத் தொடும். செங்குத்து அச்சின் அளவை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் 'பெரிது', 'சிறிது' என்ற சொற்களைப் பயன்படுத்தலாம்.

படிப்பதைவிட வரைவது நல்ல பயிற்சி. எண் எதுவும் வேண்டாம், வடிவம் போதும். குழாயடியில் பிளாஸ்டிக் குடம் வைத்துச் சீராகத் தண்ணீர் திறந்திருக்கிறது. குடத்தில் உள்ள நீரின் அளவை வரைந்தால் நேர்கோடு. நீர் மட்டத்தின் உயரத்தை வரைந்தால்? அடியில் வேகமாக ஏறும். வயிறு அகலும் இடத்தில் மந்தமாகும். கழுத்துக்கு வந்ததும் விறுவிறுவென்று ஏறும். ஏரிக்குக் கழுத்து இல்லை, மேலே போகப் போக அகலம் கூடும். அதனால் செம்பரம்பாக்கத்தில் 12 அடி என்றால் பாதித் தண்ணீர் என்று பொருளல்ல, பாதிக்கும் குறைவு. ஒரே சீரான வரத்திலும் கடைசி அடிகள் மெதுவாக ஏறும். 'மட்டம் ஏறுவது தணிந்துவிட்டது, இனி பயமில்லை' என்று அடி அளவை மட்டும் பார்த்துச் சொன்னால் பிசகும்.

அடுத்தது தீபாவளிக்கு முன்தினம் மாலை, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலை. தெற்கே போக வந்து சேரும் வாகனங்கள் மணிக்கு எத்தனை என்று ஒரு கோடு. சாலை விழுங்கக்கூடிய உச்ச அளவுக்கு ஒரு படுக்கைக் கோடு. முதல் கோடு இரண்டாவதைத் தாண்டும் நொடியில் வரிசை பிறக்கிறது. வரிசை மிக நீண்டிருப்பது அதிக வாகனங்கள் வந்து சேரும் நேரத்தில் அல்ல; வரத்து குறைந்து மறுபடி படுக்கைக் கோட்டைத் தொடும் நேரத்தில். ஏரி மட்டத்துக்குச் சொன்ன அதே விதிதான். 'கூட்டம் எல்லாம் எட்டு மணிக்கே போயிருக்கும்' என்று நம்பிப் பத்து மணிக்குப் பை தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த இரண்டு கோடுகளும் எப்படி மாறின என்பதையும் சேர்த்து வரைந்தால் பயிற்சி முழுமையாகும்.

வரையும்போது இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கோடு குதிக்குமா? ரயில் கட்டணம் ஒரு நள்ளிரவில் குதிக்கும்; அதன் படம் படிக்கட்டு. ஏரி மட்டம் குதிக்காது, ரயிலும் குதிக்காது. அவற்றின் கோட்டில் நேர் செங்குத்தான பகுதி வந்தால் வரைந்த கை தவறியிருக்கிறது, அல்லது மழைமானியில்போல கருவி தன்னைக் காலிசெய்துகொண்டிருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் கொள்ளளவு, இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை எல்லாவற்றையும் நாள்தோறும் வெளியிடுகிறது. முன்பு சொன்ன நான்கோடு கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகையையும் சேர்த்தால் ஐந்து ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. நாளுக்கு 100 கோடி லிட்டர் வீதம் எடுத்தால், ஆவியாவதைக் கணக்கில் கொள்ளாமல், 333 நாள் வரும். அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை செம்பரம்பாக்கத்தின் இருப்பைப் பேனாவால் வரையுங்கள். அதன் கீழேயே வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்துப் பென்சிலால் வரையுங்கள். இருப்பு ஒரு நாளில் 86.4 மில்லியன் கன அடி கூடியிருந்தால், நிகர வரத்து சராசரியாக விநாடிக்கு 1,000 கன அடி இருந்திருக்க வேண்டும்; ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்பதால் வரும் கணக்கு இது. பேனாக் கோட்டின் சாய்வும் பென்சில் கோட்டின் உயரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆவியாவதாலும் அளவெடுக்கும் நேரத்தாலும் சிறு வேறுபாடு வரும். பெரிய வேறுபாடு தெரிந்தால் அந்தத் தேதியை வட்டமிட்டு, அன்றைக்கு மதகில் என்ன நடந்தது என்று நீர்வளத் துறை அதிகாரிகளிடம் எழுதிக் கேளுங்கள்.